வெடிக்கலையேன்னு எட்டிப் பார்க்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

விஷயம் கேப் துப்பாக்கி. ஆமாம், தீபாவளிக்கு நாம் எல்லோரும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த அதே பொம்மைத் துப்பாக்கிதான். "டாக்டருக்கு எழுத வேற விஷயம் கிடைக்கலையா"ன்னு தோணலாம். எனக்கும் ஆடி மாசம் வரைக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்.

கடந்த ஆடிக் கடைசி வெள்ளிக்குக் குடும்பத்தோடு இருக்கன்குடி போயிருந்தோம். தெரியாதவர்களுக்கு: எங்க சாத்தூர் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் இருக்கும் மாரியம்மன் கோயில். 'இருகங்கைக்குடி' என்பதுதான் இருக்கன்குடி ஆச்சு என்பார்கள் ஊரில். கண்ணில் கோளாறு என்றால் இந்த அம்மனுக்கு நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கண் சரியானதும் கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள். கண் வடிவத்தில் சின்னத் தகடு. அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சாமி கும்பிட்டு வெளியே வந்தால் வரிசையாகக் கடைகள். பொரி, வளையல், பலூன். அங்கேதான் தங்கச்சி மகன் ஒரு துப்பாக்கியைப் பார்த்து நின்றுவிட்டான். ஒன்பது வயசு. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன உலோகத் துப்பாக்கி. கூடவே பெயர், முகவரி எதுவும் அச்சிடாத கவரில் ரோல் கேப். "மாமா, ப்ளீஸ் மாமா." தாய்மாமன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? வாங்கிக் கொடுத்தேன்.

ஆற்று மணலில் இறங்கிச் சுட ஆரம்பித்தான். டப். டப். அப்புறம் சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினான். இல்லை. உடனே அவன் செய்தது இதுதான்: துப்பாக்கியைத் திருப்பி, முகத்துக்கு நேரே கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் சுத்தியல் அடிக்கிற இடத்தை உற்றுப் பார்த்தான். விரல் இன்னும் விசையில் இருந்தது.

பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்குகிற அதிர்ச்சியில் அது "டப்"பென்று என் கையில் வெடித்தது. கையில் ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். அவன் பயந்து அழுதான். தங்கச்சி, "ஏண்ணே, பொம்மைத் துப்பாக்கிக்குப் போய் பிள்ளைய இப்படி மிரட்டுற"ன்னு கோபித்துக்கொண்டாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். பாயின்ட் 22 ரைஃபிளில் சுடப் பயிற்சி. ஹவில்தார் ஐயா முதல் நாள் குறி பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் என்ன செய்யணும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "குழல் இலக்கைப் பார்த்தே இருக்கணும். திரும்பாதே. எட்டிப் பார்க்காதே. விரலை எடு. காத்திரு. கையைத் தூக்கு. நான் வர்றேன்."

காரணம் இருக்கிறது. அடி விழுந்தும் மருந்து பற்றாமல் போவதை மிஸ்ஃபயர் என்பார்கள். சில சமயம் அது தாமதமாகப் பற்றும். அதற்குப் பெயர் ஹேங் ஃபயர். இரண்டில் எது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் காத்திருப்பது.

துப்பாக்கி சுடுபவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கையடக்கத் துப்பாக்கி வாங்கினால் அதை உடனே நம்ப மாட்டார்கள். சுடுதளத்துக்குக் கொண்டுபோய் வெவ்வேறு வகைத் தோட்டாக்களைப் போட்டு, எத்தனை வெடிக்கிறது, எத்தனை சிக்குகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். துப்பாக்கி சின்னதாக ஆக உள்ளே நகரும் பாகங்களுக்கு இடம் குறைவு, ஸ்பிரிங் இறுக்கம். அதனால் ஒரு தோட்டாவுக்கு ஒழுங்காக ஓடுவது இன்னொன்றுக்குச் சிக்கும்.

சரி, அந்தச் சோதனையை நம்ம மாப்பிள்ளையின் துப்பாக்கிக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஏற்பாடு. எனக்குக் காதில் மஃப், கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி, பருத்திச் சட்டை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். மாப்பிள்ளை, மாடிக் கதவுக்கு உள்ளே ஜன்னலுக்குப் பின்னால், நோட்டும் பென்சிலுமாக. அவன் வேலை எண்ணுவது மட்டும்.

மூன்று வகை கேப். ஒன்று, லைசென்ஸ் உள்ள கடையில் புதிதாக வாங்கிய ரோல். இரண்டு, போன தீபாவளிக்கு மிஞ்சி சமையலறைப் பரணில் கிடந்த ரோல். மூன்று, கோயில் வாசலில் வாங்கிய பெயரில்லாத ரோல். ஒவ்வொன்றிலும் 100 அடி. 50 அடிக்கு ஒருமுறை துப்பாக்கியைத் துடைத்தேன். ஏனென்றால் வெடித்த பின் ஒட்டுகிற கரி ஈரத்தை இழுக்கும், சுத்தியல் சரியாகப் படியாது.

வெடிக்காத ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு நிமிஷம் காத்திருந்து, காகிதப் பட்டையைப் பின்னுக்கு இழுத்து, இரண்டாவது அடி கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் நோட்டுக் கணக்கு:

புது ரோல்: 100-ல் 92 வெடித்தது. வெடிக்காத 8-ல் இரண்டாவது அடிக்கு 3 வெடித்தது.

பழைய ரோல்: 100-ல் 61. வெடிக்காத 39-ல் இரண்டாவது அடிக்கு 17.

பெயரில்லாத ரோல்: 100-ல் 78. வெடிக்காத 22-ல் இரண்டாவது அடிக்கு 9.

ஒரு மாடி, ஒரு துப்பாக்கி, ஒரு மாமன். இது ஆராய்ச்சி இல்லை, உங்கள் வீட்டுத் துப்பாக்கிக்குக் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் கடைசி எண்களை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். முதல் அடிக்கு வெடிக்காதவை மொத்தம் 69. அதில் 29, "செத்துப்போச்சு"ன்னு நாம் நினைத்த பிறகு வெடித்தவை. பத்துக்கு நாலு.

மாப்பிள்ளை நோட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "அப்போ அன்னைக்கு ஆத்துல நான் பாத்தது..?"

"ஆமாடா. அந்த நாலுல ஒண்ணு."

ஏன் வெடிக்காமல் போகிறது? விசையை அழுத்தும்போது ஒரு சின்னக் கொக்கி காகிதப் பட்டையை ஒரு பொட்டு தூரம் தள்ளுகிறது. பிறகு சுத்தியல் விழுகிறது. பட்டை அரைகுறையாக நகர்ந்தால் சுத்தியல் இரண்டு பொட்டுக்கு நடுவே வெறும் காகிதத்தில் விழும். சத்தம் வராது. ஆனால் அந்தப் பொட்டு முழுசாக அப்படியே இருக்கிறது. காகிதம் ஈரம் குடித்திருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். பெயரில்லாத ரோலில் மூன்று முறை பக்கத்துப் பொட்டும் சேர்ந்து வெடித்தது. ஒருமுறை நான் விரலை எடுத்த பிறகு, காகித ஓரத்தில் கனன்ற நெருப்பு அடுத்த பொட்டைப் பற்ற வைத்தது. முகம் அருகில் இருந்திருந்தால்?

அந்தப் பொட்டுக்குள் இருப்பது சிவப்புப் பாஸ்பரசும் பொட்டாசியம் குளோரேட்டும். இரண்டும் சேர்ந்தால் திரி வேண்டாம், தீ வேண்டாம். அடியோ உராய்வோ போதும். தீப்பெட்டியில் பாஸ்பரசைப் பெட்டியின் பக்கவாட்டிலும் குளோரேட்டைக் குச்சியின் தலையிலும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பது இதனால்தான். நாம் உரசும்போது மட்டும் இரண்டும் சந்திக்கும். கேப்பில் இரண்டும் ஏற்கனவே சேர்ந்தே இருக்கிறது. ஒரு பொட்டில் மருந்தின் அளவு மிகக் குறைவு என்பது ஒன்றுதான் நமக்குப் பாதுகாப்பு.

இதை எனக்கு வேறு மாதிரி சொன்னவர் பக்கத்து வீட்டு மதினி. இருபது வருஷமாகப் பட்டாசு ஆலை வேலை. மாடியில் சத்தம் கேட்டு ஏறி வந்தவர், தரையில் கிடந்த வெடிக்காத பட்டையைப் பார்த்ததும் வாளியைக் காட்டினார். "தம்பி, அதை முதல்ல தண்ணியில போடுங்க. வெடிக்காத வெடி செத்த வெடி இல்ல, தூங்குற வெடி." ஆலையில் மருந்து அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டில் கை வைத்து உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவார்களாம். இரும்புச் சாமான் ஆகாது, நைலான் துணி ஆகாது. சிந்திய மருந்தை உரசிப் பெருக்கக் கூடாது.

2012-இல் முதலிப்பட்டியையும் 2021-இல் அச்சங்குளத்தையும் பார்த்த மண் இது. உராய்வு என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் அவ்வளவு பயந்து செய்து அனுப்புகிற பொருளை நாம் கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டு ஓடச் சொல்கிறோம்.

இப்போது கண்மலருக்கு வருகிறேன்.

நான் பயிற்சி முடித்து டியூட்டி டாக்டராக இருந்த காலம். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். தீபாவளிக்கு மறுநாள் பதினொரு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தீபாவளி அன்று வெடிக்காமல் போன கேப்பையெல்லாம் பையன்கள் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். "வேஸ்ட்டாத்தானே கிடக்கு." அதிலிருந்து மருந்தைச் சுரண்டி எடுத்து, ஒரு நட்டுக்குள் நிரப்பி, இரண்டு பக்கமும் போல்ட்டைத் திருகி, சுவரில் எறிந்து வெடிக்கிற விளையாட்டு. நம்மில் பலர் செய்ததுதான். நான் செய்திருக்கிறேன்.

முதலில் எறிந்தது வெடிக்கவில்லை. இவன் ஓடிப்போய் எடுத்தான். திருகு சரியாக இறுகவில்லையோ என்று முகத்துக்கு நேரே வைத்து இன்னொரு சுற்று திருகினான்.

ஒவ்வொரு பொட்டிலும் கொஞ்சமாக இருந்ததுதான் பாதுகாப்பு என்று சொன்னேன் இல்லையா? அந்தப் பாதுகாப்பைச் சுரண்டி எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். திருகின உராய்வு போதுமானதாக இருந்தது.

வலது கண்ணில் இரும்புத் துணுக்கு. முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு நடந்திருக்கிறது. மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். கசக்கியிருக்கிறான். ராத்திரி முழுக்க ஈரத்துணியை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். கண் மருத்துவர்கள் உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். கண் உருண்டை தப்பியது. பார்வை தப்பவில்லை.

வெளியே வராந்தாவில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இருக்கன்குடி ஆத்தாவுக்கு வெள்ளிக் கண்மலர் நேந்திருக்கேன், சரியாயிரும்ல சார்?" என்றார். அன்று எனக்கு இருபத்து நாலு வயசு. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆடி வெள்ளிக்குக் கோயிலில் கண்மலர் செலுத்துகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கை நினைவுக்கு வரும். ஆற்று மணலில் மாப்பிள்ளை ஒற்றைக் கண்ணை மூடினபோதும் அதுதான் வந்தது.

நேர்த்திக்கடனை நான் குறை சொல்ல மாட்டேன். எங்க அம்மாவும் நேர்ந்திருக்கிறார். நேர்ந்துகொண்டே வண்டியில் ஏறுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2025 தீபாவளி சமயத்தில் மத்தியப் பிரதேசத்தில், போபால் உட்படப் பல ஊர்களில், 'கார்பைடு துப்பாக்கி' என்ற ஒன்றால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண்ணில் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். பலருக்குப் பார்வை போனது. பிளாஸ்டிக் குழாயில் கால்சியம் கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் அசிட்டிலின் வாயு வரும். அதைப் பற்ற வைப்பார்கள். சில சமயம் உடனே வெடிக்காது. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? குழாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள். துப்பாக்கி வேறு, மருந்து வேறு. பிள்ளைகள் செய்தது ஒன்றே.

வெடிக்கிறபோது பிள்ளைகள் பயத்தில் தள்ளித்தான் நிற்கிறார்கள். வெடிக்காதபோதுதான் கிட்டே போகிறார்கள். நாம் எச்சரிக்கை சொல்லிக் கொடுப்பது முழுக்க வெடிக்கிறதைப் பற்றி. வெடிக்காததைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் சொல்லித் தராமல்தான் வாங்கிக் கொடுத்தேன்.

காதைப் பற்றியும் சுருக்கமாக. பட்டாசுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் சத்த வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபல். பிள்ளை துப்பாக்கியை 4 மீட்டர் தள்ளியா பிடிக்கிறது? தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்ன அளவு, காதிலிருந்து 10 சென்டிமீட்டரில், பிள்ளைகளுக்கு 120 டெசிபலுக்கு மேல் திடீர்ச் சத்தம் கூடாது என்பது. கைப்பேசி ஆப்பில் அளந்து பார்த்துவிட்டு "கம்மிதான் காட்டுது"ன்னு சொல்லாதீங்க. இவ்வளவு குறுகிய சத்தத்தை அந்த மைக்கால் சரியாகப் பிடிக்க முடியாது. கூட்டாளியின் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிற விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். காதில் "கொய்ங்" சத்தமோ அடைப்போ ஒரு நாள் தாண்டி இருந்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்போ துப்பாக்கியே வாங்கித் தரக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. எங்க ஊர் அடுப்பு எரிவதே பட்டாசால்தான். இப்படி வாங்கிக் கொடுங்கள்:

1. லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இருக்கிற கேப் மட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு, கேப் பக்கமே வேண்டாம்.

2. போன வருஷத்து ரோலை வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்த வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்துக் கழித்துவிடுங்கள்.

3. ரோலை கால்சட்டைப் பையில் போடக் கூடாது. சாவியோ சில்லறையோ உரசினால் முழு ரோலும் தொடையில் எரியும். டப்பாவில் வைக்கட்டும்.

4. வெடிக்கவில்லையா? குழல் தரையைப் பார்க்கட்டும். விரலை எடு. பத்து வரை அல்ல, அறுபது வரை எண்ணு. பெரியவங்களைக் கூப்பிடு. என்.சி.சி. ஹவில்தார் சொன்னதுதான், ஒன்பது வயசுக்கும் அதுவே.

5. வெடிக்காத கேப் எல்லாம் நேராக வாளித் தண்ணீருக்கு. பொறுக்குவது, சுரண்டுவது, போல்ட்டில் அடைப்பது கூடவே கூடாது.

மீறி கண்ணில் பட்டுவிட்டால்:

கசக்காதீங்க. அழுத்தாதீங்க. குத்தி நிற்பதைப் பிடுங்காதீங்க. தாய்ப்பால், எண்ணெய், மருந்துக் கடைச் சொட்டு எதுவும் ஊற்றாதீங்க. பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் எலும்பின் மேல் உட்காருகிற மாதிரி வைத்து ஒட்டுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீங்க, மயக்க மருந்து தேவைப்படலாம். 108-க்குக் கூப்பிட்டு, கண் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். வலி குறைந்துவிட்டது என்று காலை வரை காத்திருக்க வேண்டாம். கண் கிழிந்த காயத்தைக் கவனிக்காமல் விட்டால், அரிதாக, நல்ல கண்ணும் பாதிக்கப்படும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: கண்ணில் போனது சுண்ணாம்பு, கார்பைடு மாதிரி ரசாயனம் என்றால் அங்கேயே, அந்த நிமிஷமே, சுத்தமான தண்ணீரை ஊற்றிக் குறைந்தது 20 நிமிஷம் கழுவுங்கள். பிறகு மருத்துவமனை.

தோலில் தீக்காயம் என்றால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். பேஸ்ட், மை, ஐஸ் வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டாச்சா என்று பாருங்கள்.

மாப்பிள்ளையிடம் துப்பாக்கி இன்னும் இருக்கிறது. போன வாரம் தெருப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக் குட்டிப்பயல் ஒருவனுக்கு வெடிக்கவில்லை. அவன் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் இவன் கத்தினான்: "டேய், திருப்பாத! கீழ பிடி! அறுபது எண்ணு!"

இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். முப்பதுக்கு மேல் கொஞ்சம் வேகமாகத்தான் போனார்கள். பரவாயில்லை. அறுபது வந்ததும் பட்டையைக் கிழித்து வாளியில் போட்டார்கள்.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெடிக்கலைன்னா என்ன பண்ணுவ?" "எடுத்துப் பாப்பேன்"னு பதில் வந்தால், இந்தப் பதிவைக் காட்டிப் பேசுங்கள்.